ஊர்தோறும் வரலாறு தேடியவர்: கர்னல் காலின் மெக்கன்சி

வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன எவை? பேரரசர்களின் முடிகள், போர்க்களங்கள், உடன்படிக்கைகள், பட்டமேறிய ஆண்டுகள். இவற்றை மனப்பாடம் செய்வதே வரலாறு கற்பது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஆனால் நாம் பிறந்து வளர்ந்த ஊருக்கும் வரலாறு உண்டு. அவ்வூர் ஏரிக்குக் கரை கட்டியவன் யார்? எல்லையில் நிற்கும் நடுகல் எவன் பொருட்டு நடப்பட்டது? சந்தை கூடும் இடத்திற்குக் கோட்டைமேடு என்று பெயர் வந்தது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதும் வரலாறுதான். முதலாண்டு வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை அவரவர் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்வது வழக்கம். எங்கள் ஊரில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை ஐயா என்று சொல்லித் தாளை வெறுமையாகத் திருப்பித் தருவோர் ஆண்டுதோறும் சிலர் இருப்பர். அவர்களுக்கு நான் கூறும் வாழ்க்கை ஒன்று உண்டு. அது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இம்மண்ணில் அலைந்து, எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத ஊர் என்று ஒன்று இல்லவே இல்லை எனக் காட்டிச் சென்ற ஒருவரின் வாழ்க்கை. அவர்தாம் கர்னல் காலின் மெக்கன்சி.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலில் லூயிஸ் என்றொரு தீவு உள்ளது. மரங்கள் அருகிய, காற்றும் மழையும் ஓயாத தீவு அது. அங்குள்ள ஸ்டோர்னவே என்னும் துறைமுகச் சிற்றூரில் கி.பி. 1754-ஆம் ஆண்டில் மெக்கன்சி பிறந்தார். தந்தையார் மர்டாக் மெக்கன்சி ஒரு வணிகர்; அவ்வூரின் அஞ்சல் அலுவலராகவும் இருந்தார். இளமையில் மெக்கன்சி அத்துறைமுகத்தின் சுங்க அலுவலகத்திலே பணிபுரிந்தார். அந்த வேலையிலேயே இருந்திருந்தால் அவர் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆனால் கணிதத்தில் அவருக்கு இயல்பாகவே பற்று இருந்தது. அப்பற்றே அவரைக் கடல் கடக்கச் செய்தது.

அக்காலத்தில் நேப்பியர் பிரபு என்பவர், மடக்கை முறையை 1614-இல் உலகிற்கு வழங்கிய ஜான் நேப்பியரின் வழித்தோன்றல், தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத முற்பட்டிருந்தார். பழைய இந்தியர் கணக்கிட்ட முறைகளையும் அறிந்து அந்நூலில் சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்பணியில் அவருக்குத் துணை நின்ற இளைஞர்களுள் மெக்கன்சியும் ஒருவர். நேப்பியர் 1773-இல் காலமானார், நூல் முற்றுப்பெறவில்லை. ஆனால் மெக்கன்சியின் நெஞ்சில் விழுந்த விதை மட்டும் பட்டுப்போகவில்லை. சீஃபோர்த் பிரபுவின் உதவியால் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இடம்பெற்று, 1783-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் சென்னைத் துறையில் வந்து இறங்கினார். அப்போது வயது இருபத்தொன்பது. மீண்டும் அவர் தாயகம் திரும்பவே இல்லை.

மதுரை மாநகர் அவர் வாழ்வில் இடம்பெற்றது இக்காலத்தில்தான். நேப்பியர் பிரபுவின் மகளார் ஹெஸ்டர் அம்மையார் தம் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனுடன் மதுரையில் வாழ்ந்துவந்தார். தந்தையின் பணி நின்றுபோனதை எண்ணி வருந்திய அவ்வம்மையார் மெக்கன்சியை மதுரைக்கு அழைத்து, அங்கிருந்த கற்றறிந்த அந்தணர்களுடன் பழகும் வாய்ப்பை ஏற்படுத்தித் தந்தார். கணிதத்தைத் தேடி வந்தவர் அங்கே ஒரு நாட்டின் பழமையையே கண்டார் எனலாம். அவ்வம்மையாரின் மைந்தர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பிற்காலத்தில் இலங்கையின் தலைமை நீதிபதியாக விளங்கினார். மெக்கன்சியைப் பற்றி நாம் அறியும் செய்திகள் பல அவர் வழியாகவே கிடைத்துள்ளன.

ஆயினும் ஆர்வம் வேறு, வாய்ப்பு வேறு. மெக்கன்சி படைப் பொறியாளர். கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் படையுடன் சென்றார். நெல்லூர், குண்டூர் பகுதிகளில் சாலைகளை அளந்தார். திப்பு சுல்தானுடன் நடந்த 1790-92 போரில் பணியாற்றினார். 1793-இல் புதுச்சேரி முற்றுகையிலும், 1796-இல் முடிவுற்ற இலங்கைப் படையெடுப்பிலும் இருந்தார். கூடாரத்தில் படுத்து, குதிரைமேல் உண்டு திரிந்த வாழ்க்கை அது. நாட்டு மொழிகள் அவருக்கு வரவில்லை. பேச விரும்பியோரிடம் பேச இயலவில்லை. இந்தியாவில் தாம் கழித்த முதல் பதின்மூன்று ஆண்டுகளில் தேடிச் சேர்த்தது மிகச் சொற்பமே என்று அவரே 1817-இல் ஜான்ஸ்டனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் குறித்திருக்கிறார். நாற்பத்திரண்டு வயது வரை ஒன்றும் பெரிதாகச் செய்யாத ஒருவர், பின்னர் இந்தியாவிலேயே மிகப்பெரிய வரலாற்றுத் தொகுப்பைச் சேர்த்தார் என்றால், அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். இலங்கையிலிருந்து திரும்பிய 1796-ஆம் ஆண்டில் மெக்கன்சி காவலி வெங்கட போரய்யாவைச் சந்தித்தார். ஏலூரில் பிறந்த தெலுங்கு அந்தணர் அவர். இருபது வயதளவே நிரம்பியவர். வடமொழியும் தெலுங்கும் கற்றவர். பிற மொழிகளை விரைந்து பற்றிக்கொள்ளும் கூர்மதி படைத்தவர். எவரிடமும் இனிமையாகப் பேசிப் பழகும் பண்பினர். இந்நாட்டு அறிவின் வாயிலைத் தமக்குத் திறந்துவிட்டவர் போரய்யாவே என்று மெக்கன்சி கடைசிவரை நன்றியோடு நினைத்தார். போரய்யாவின் தம்பியர் லட்சுமய்யாவும் ராமசாமியும் இப்பணியில் இணைந்தனர். ஒரு குடும்பமே ஒரு நாட்டின் வரலாற்றைத் திரட்டப் புறப்பட்டது என்று கூறின் மிகையாகாது.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அம்முற்றுகையிலும் மெக்கன்சி பொறியாளராகப் பங்கு கொண்டார். போர் முடிந்ததும் மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பதினாயிரம் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலப்பரப்பு. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு. காடும் மலையும் காய்ச்சலும் நிறைந்த பாதைகள். தொடங்கிய சிறிது காலத்திலேயே கம்பெனி சிக்கனம் கருதி அவருடைய படியையும் உதவியாளர் எண்ணிக்கையையும் குறைத்தது. எனினும் அவர் பின்வாங்கவில்லை.

இங்கேதான் அவருடைய தனித்தன்மை வெளிப்படுகின்றது. கம்பெனி கேட்டது எல்லைகளும் சாலைகளும் கோட்டைகளும் ஏரிகளும் விளைநிலமும்தான். வரி வாங்குவோருக்கும் படை நடத்துவோருக்கும் அவை போதும். மெக்கன்சியோ அளவுச் சங்கிலியோடு வினாத்தாளையும் ஊருக்குள் கொண்டு சென்றார். இவ்வூர் எப்போது தோன்றியது? முன்பு ஆண்ட மரபினர் யாவர்? கோயிலுக்குத் தலபுராணம் உண்டா? கணக்கர் வீட்டில் பழைய ஏடுகள் உள்ளனவா? கல்லிலும் செப்பேட்டிலும் எழுத்துக்கள் உளவா? பழங்காசு கிடைத்ததுண்டா? ஊரில் வாழும் சாதியார் தம் தோற்றம் பற்றிக் கூறும் கதை யாது? இவ்வாறு கேட்டு அறிய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி 1808-இல் ஒரு குறிப்பையே அவர் சுற்றுக்கு விட்டார். விடைகளாக வந்த ஊர் வரலாறுகளே கைபீதுகள் எனப்படும்.

இவற்றைத் திரட்டியவர்கள் யார்? இந்நாட்டவரே. ஆண்டுதோறும் அவர்கள் மாவட்டம் மாவட்டமாக அனுப்பப்பட்டனர். தமிழ் நிலத்தில் அலைந்தோருள் அப்பாவு என்பவர் குறிப்பிடத்தக்கவர். தொண்டை மண்டலத்தில் குறும்பர்களைப் பற்றிய செய்திகளையும், பாண்டுகுழி என்று மக்கள் அழைக்கும் பழைய ஈமக்குழிகளைப் பற்றிய செய்திகளையும் அவர் தேடினார். சீனிவாசையா, நாராயண ராவ், பாபு ராவ் முதலியோர் பிற பகுதிகளில் சுற்றினர். மாலையூரைச் சேர்ந்த சமணப் பண்டிதர் தருமையா, சமண நூல்களையும் பழங்கன்னட எழுத்துக்களையும் விளக்கினார். எங்கே சென்றோம், யாரைக் கண்டோம், எந்த ஏடு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று இவர்கள் எழுதியனுப்பிய அறிக்கைகள் இன்றும் உள்ளன.

அவர்கள் எதிர்கொண்ட தொல்லைகள் ஒன்றிரண்டல்ல. கம்பெனியின் ஆள் ஏடும் எழுத்தாணியுமாக வந்து கேள்வி கேட்டால் மக்கள் என்ன நினைப்பர்? வரியை உயர்த்த வந்தான் என்று சிலர் ஏட்டை மறைத்தனர். மானியம் பறிபோகும் என்று சிலர் அஞ்சினர். இனாம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் சிலர் கதையை நீட்டினர். இவர்களிடையே நயமாகப் பேசி, நாட்கணக்கில் காத்திருந்து, ஏட்டைத் திருப்பித் தருவோம் என்று உறுதிகூறிப் படியெடுத்து வரவேண்டும். ஊர்ப்பெரியவர் ஒருவரை நம்பவைத்து ஓலைக்கட்டை அவிழ்க்கச் செய்வது கோட்டையைப் பிடிப்பதைவிடக் கடினம் என்பதை, ஊருக்குள் சென்று ஆய்வு செய்த எவரும் ஒப்புவர்.

போரய்யா நெடுநாள் வாழவில்லை. 1803-இல், இருபத்தேழு வயதை ஒட்டிய இளமையிலேயே, மறைந்தார். பழங்கன்னடக் கல்வெட்டுக்களைப் படிக்கும் வழியைத் தம் முயற்சியால் கண்டு வந்த வேளையில் நேர்ந்த இழப்பு அது. மெக்கன்சி கலங்கினார். எனினும் அண்ணனின் இடத்தில் லட்சுமய்யா நின்று, எழுத்தர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் ஒருங்கிணைத்துப் பணியை முன்னிலும் விரிவாக நடத்தினார்.

மெக்கன்சியின் கண்கள் ஏடுகளை மட்டும் தேடவில்லை, கற்களையும் தேடின. கிருட்டிணை ஆற்றங்கரையில் அமராவதி என்னுமிடத்தில் வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு என்ற ஜமீன்தார் புதிய நகரம் எடுப்பித்துக் கொண்டிருந்தார். கட்டடத்திற்குக் கல் வேண்டி அங்கிருந்த ஒரு மேட்டைத் தோண்டியபோது சிற்பங்கள் செறிந்த வெண்ணிறப் பலகைக் கற்கள் வெளிப்பட்டன. செய்தியறிந்த மெக்கன்சி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சென்று கண்டார். அது ஒரு மாபெரும் பௌத்தத் தூபி என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1816-இல் ஓவியர்களுடன் அவர் மீண்டும் சென்றபோது அம்மேட்டின் நடுப்பகுதி குளமாகத் தோண்டப்பட்டிருந்தது. கற்கள் பல சிதறிப் போயிருந்தன. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக அளந்து வரையச் செய்தார். அவ்வோவியங்களில் காணப்படும் சிற்பங்களுள் சில இன்று எங்கும் இல்லை. ஓவியம் மட்டுமே சான்றாக நிற்கின்றது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைக் காணும் மாணவர்கள், அவ்விடத்தை உலகம் அறியச் செய்த இம்மனிதரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சமணரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1807-இல் ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் வெளிவந்தது. சமணம் இந்நாட்டில் இன்னும் உயிரோடிருக்கும் தனிச் சமயம் என்பதை ஐரோப்பிய அறிஞர்க்கு உணர்த்திய தொடக்க எழுத்துக்களுள் அதுவும் ஒன்று. 1810-இல் சென்னை மாகாணத்தின் தலைமை நிலஅளவையாளராக அமர்த்தப்பட்டார். 1811-இல் படையுடன் ஜாவாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பிரம்பானன் கோயில் இடிபாடுகளை ஆராய்ந்தார். டச்சு ஆவணங்களைத் திரட்டினார். 1812-இல் பெட்ரோனெல்லா பார்ட்டெல்ஸ் என்ற டச்சுப் பெண்மணியை மணந்ததும் அங்கேதான். ஐம்பத்தெட்டு வயது வரை ஏடுகளையே சுற்றமாகக் கொண்டிருந்தவர்!

1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை நிலஅளவையாளர் என்னும் உயர்பதவி அவரைத் தேடி வந்தது. அடுத்த ஆண்டு தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அவருடைய உருவத்தைத் தீட்டினார். சிவப்பு நிறப் படையுடையில் நிற்கும் மெக்கன்சியைச் சூழ்ந்து இந்நாட்டவர் மூவர் நிற்கின்றனர். தொலைவில் ஒரு குன்றின்மேல் கோமடேசுவரர் திருவுருவம். உயர் அலுவலர் பலர் தம் படத்தில் குதிரையையும் வாளையும் சேர்த்த காலத்தில், தம்மோடு உழைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டார் இவர். லண்டனில் பிரித்தானிய நூலகத்திற்குரியதாக உள்ள அவ்வோவியம், 2017-இல் அவர் பிறந்த ஸ்டோர்னவேயில் மக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டது.

1817-இல் தம் சேகரிப்பு முழுவதையும் கல்கத்தாவிற்குக் கொண்டு சென்றார். அங்கே அமர்ந்து அனைத்திற்கும் ஒரு விளக்க அட்டவணை எழுதி வெளியிட வேண்டும் என்பது அவர் கனவு. அலுவற்சுமை அதற்கு இடந்தரவில்லை. தென்னாட்டு மொழிகளில் அமைந்த சுவடிகளைப் படிக்க வல்லவர்கள் வங்கத்தில் மிகச் சிலரே. உடல்நலமும் குன்றியது. 1821-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கல்கத்தாவின் தென் பார்க் தெரு இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விட்டுச் சென்றது என்ன? 1828-இல் எச்.எச். வில்சன் வெளியிட்ட அட்டவணை அதைக் கணக்கிட்டுக் காட்டுகின்றது. இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாற்றுக் குறிப்புக்கள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புக்கள் 2,159, நிலப்படங்கள் 79, ஓவியங்கள் 2,630, காசுகள் 6,218, படிமங்கள் 106, பிற பழம்பொருள்கள் 40. இவற்றிற்காகத் தம் சொந்தப் பணத்தைப் பெருமளவு செலவிட்டிருந்தார் மெக்கன்சி. அவர் மறைந்தபின் அவர்தம் துணைவியாரிடமிருந்து அரசு ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்து இத்தொகுப்பை வாங்கியது. இதன் ஒரு பகுதி லண்டனுக்குச் சென்றது. தென்னாட்டு மொழிச் சுவடிகள் பெரும்பாலும் சென்னைக்கே திரும்பின.

இனி நான் சொல்லப்போவது, இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி. மெக்கன்சிக்குப் பின் அப்பணியைத் தொடர்வதற்கு முற்றிலும் தகுதியுடையவர் லட்சுமய்யா. எந்த ஏடு எந்த ஊரில் கிடைத்தது, எந்த எழுத்தர் நம்பத்தக்கவர், எந்தக் கதைக்கு எந்தக் கல்வெட்டு துணை நிற்கும் என்பதையெல்லாம் அறிந்தவர் அவரே. தொடர அனுமதி தருமாறு அவர் விண்ணப்பித்தார். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் சார்பில் ஜேம்ஸ் பிரின்செப் முதலியோர் 1830-களில் அதனை ஆராய்ந்து மறுத்துவிட்டனர். ஏடுகளைச் சேர்ப்பதற்கு ஓர் இந்தியர் பயன்படலாம்; அவற்றைச் சீர்தூக்கி முடிவு காணும் ஆற்றல் இந்தியரிடம் எதிர்பார்க்க இயலாது என்பதே அம்மறுப்பின் சாரம். பணி வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் சென்றது. நாற்பது ஆண்டு அனுபவம் ஒரு கையெழுத்தில் தள்ளுபடியானது! பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய பேரறிஞர் பிரின்செப். அத்தகையவரே அருகிலிருந்த அறிவைக் காணத் தவறினார் என்றால், அந்த ஆட்சியின் மனப்பான்மைக்கு வேறு சான்று வேண்டுமோ? தம்பி ராமசாமி மட்டும் 1829-இலேயே தக்காணப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புக்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டு, தம்மவர் எழுதவும் வல்லவர் எனக் காட்டியிருந்தார்.

மெக்கன்சியை மாசற்ற மாமனிதராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் ஒரு படை அலுவலர். அவர் வரைந்த நிலப்படங்கள் கம்பெனி ஆட்சி வேரூன்றத் துணை நின்றன. நாட்டு மொழி எதையும் அவர் செம்மையாகக் கற்றாரல்லர். மொழிபெயர்ப்பையே நம்பி வாழ்ந்தார். கைபீதுகளில் கட்டுக்கதையும் மிகுதி. அவற்றில் வரும் அரசர் பட்டியல்கள் கல்வெட்டுக்களோடு பல இடங்களில் முரண்படுகின்றன. கொங்குதேச ராஜாக்கள் என்னும் சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். கங்க மன்னர் வரிசையை அறிய அறிஞர் பலர் அதனைக் கையாண்டனர். அதன் காலக்கணக்கை அப்படியே ஏற்க இயலாது என்பதையும் கண்டனர். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. மக்கள் தம் ஊரைப் பற்றி என்ன நம்பினர் என்பதும் வரலாற்றுச் செய்தியே. அந்நம்பிக்கையை இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் சொன்னபடியே எழுதிவைத்தது இத்தொகுப்பு.

சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இச்சுவடிகளுள் சிலவற்றைக் காணும் பேறு எனக்கு வாய்த்தது. பேராசிரியர் டி.வி. மகாலிங்கம் அவர்கள் தொகுத்த சுருக்கநூலின் முதல் தொகுதி 1972-இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. தமிழ், மலையாளச் சுவடிகளின் பொருளை அது எடுத்துரைக்கின்றது. அதை வழிகாட்டியாகக் கொண்டு நான் சுவடிகளைக் கேட்டுப் பெற்றேன். பழுப்பேறிய தாள், விளிம்பு பொடியாக உதிர்கின்றது, கையைக்கூட மெல்லத்தான் வைக்க வேண்டும். நிறுத்தக்குறி இல்லாத, புள்ளி இடாத எழுத்து. ஒரு பக்கத்தைப் படிக்க அரைநாள் ஆயிற்று. படிக்கப் படிக்க, பெயர் தெரியாத ஓர் ஊர்க்கணக்கர் திண்ணையில் அமர்ந்து, தம் ஊர் ஏரி உடைந்த கதையையும் அதைக் கட்டியவர் பெற்ற மானியத்தையும் என்னிடமே கூறுவது போலிருந்தது. அவ்வூர் மக்கள் இன்று அக்கதையை அறிவார்களா என்று எண்ணிக்கொண்டேன்.

அவ்வெண்ணத்திற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது கொங்கு நாட்டின் ஒரு சிற்றூர். எங்கள் சிவன்கோயிலின் அதிட்டானத்தைச் சுற்றி எழுத்துக்கள் இருந்தன. நாங்கள் சிறுவர்களாக அவற்றின்மீது விரலோட்டி விளையாடுவோம். எங்கள் பாட்டனார், அது வாய்க்கால் பங்கீட்டைப் பற்றிச் சோழன் எழுதிய எழுத்தடா என்பார். பின்னர்த் திருப்பணி வந்தது. சுவரை வெண்மையாக்குவதாகச் சொல்லி மணலை விசையோடு பாய்ச்சினர். ஒரு வாரத்தில் சுவர் பளபளத்தது, எழுத்து மறைந்தது. இன்று வடபுறத்து மூலையில் ஸ்வஸ்திஸ்ரீ என்னும் தொடக்கம் மட்டும் மங்கலாகத் தெரிகின்றது. பாட்டனார் சொன்னது மெய்யா, வெறுங்கதையா? சோழனா, பாண்டியனா, கொங்கு மன்னனா? வாய்க்காலா, விளக்கா? இனி எவரும் சொல்ல இயலாது. மெக்கன்சியின் எழுத்தர் ஒருவர் எங்கள் ஊருக்கும் வந்து ஒரு நாள் தங்கியிருந்தால், அந்தக் கல் பேசுவதை நிறுத்தியபின்னும் தாள் பேசிக்கொண்டிருக்கும்.

ஆகவே மாணவ மாணவியரே, இவ்வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது யாது? முதலாவது, இப்பணிக்குச் செல்வமோ பதவியோ முதல் தேவையன்று. மெக்கன்சிக்குப் பதவி இருந்தது, மொழி இல்லை. போரய்யாவுக்குப் பதவி இல்லை, மொழி இருந்தது. நம் ஒவ்வொருவருக்கும் நம் ஊரின் மொழியும் உறவும் பிறப்பிலேயே வாய்த்துள்ளன. வெளியூர் ஆய்வாளரிடம் ஏட்டை மறைக்கும் பெரியவர், தம் பேரனிடமோ பேத்தியிடமோ மறைக்கமாட்டார்.

இரண்டாவது, முறை வேண்டும். கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். சொன்னவர் பெயர், வயது, நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கேள்விப்பட்டதையும் கண்ணால் கண்டதையும் வேறு வேறாக எழுத வேண்டும். கல்வெட்டைச் சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்க முயலலாகாது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும் வேளையில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெளிவாகத் தெரியும். படியெடுக்கத் தெரிந்தவர் துணை கிடைத்தால் நன்று. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் படியவைத்து, மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சூழ்ந்த இடம் கருப்பாகவும் தாளில் இறங்கும். சிலையையோ காசையோ இருந்த இடத்தைவிட்டு எடுத்துவரவே கூடாது. செய்தியை மட்டும் எடுத்துவருதல் போதும்.

மூன்றாவது, உழைத்தவர் பெயரை மறைக்கலாகாது. ஓவியத்தில் தம் துணைவர்களை நிறுத்திய மெக்கன்சியைப் பின்பற்றுவோம். லட்சுமய்யாவைத் தள்ளியோரைப் பின்பற்றவேண்டா.

நம் கல்லூரிக்கு நூற்றுக்கணக்கான சிற்றூர்களிலிருந்து மாணவர் வருகின்றனர். ஒருவர் தம் ஊரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினால், மூன்றே ஆண்டுகளில் இம்மாவட்டத்தின் முழு வரலாறும் நம் நூலகத்தில் இருக்கும். வரும் கோடை விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் ஊரைச் சுற்றி வாருங்கள். குளத்தங்கரைக் கல்லைப் பாருங்கள்; குலதெய்வக் கோயில் பூசாரியைக் கேளுங்கள்; ஊரிலேயே மூத்த பாட்டியாரின் அருகில் அமருங்கள். கல் தேய்வதற்குள், ஏடு உதிர்வதற்குள், நினைவு மறைவதற்குள் எழுதிவிடுங்கள். எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் ஊர்களைத் தேடினார். நம் ஊரை நாம் தேட வேண்டாவா?